ஒற்றைக்கைத் தளபதிக்கு முப்பத்தோராம் நாள்

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒருவர் என் அப்பா, உங்கள் அப்பப்பா. மற்றவர் வெள்ளை மீசை வைத்த ஒரு போர்த்துக்கேயத் தளபதி. இருவரும் சிரிக்கவில்லை. தளபதியின் கோட்டில் வலது கைப்பக்கம் வெறுமையாக மடித்து நெஞ்சோடு குத்தப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் "உவர் ஆர்?" என்று கேட்டால், பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் "அப்பாவின்ரை ஃப்ரெண்ட்" என்று சொல்லிவிட்டு மேல் மாடிக்கு ஓடிவிடுகிறீர்கள். தளபதி இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

உங்கள் அப்பப்பா தொண்ணூறு வயது தாண்டி, யாழ்ப்பாணத்தில், காலைத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியவர். நோயில் கிடக்கவில்லை. யாரையும் கஷ்டப்படுத்தவில்லை. ஆகவே எனக்குப் பெரிய துக்கம் என்று சொல்லமாட்டேன். ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த மாதம் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானத்தில் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொள்ளி வைத்ததும் கிரியைகள் செய்ததும் உங்கள் பெரியப்பா. எனக்கு மிஞ்சியது இங்கே ரொறன்ரோவில் கொடுக்கிற முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாடுதான்.

இந்த நாட்டில் அந்தச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் பலர் செத்தவரைக் கண்டதே இல்லை. மகனைத் தெரியும் என்று வருவார்கள், மருமகளோடு வேலை செய்கிறோம் என்று வருவார்கள். படத்துக்கு முன்னால் ஒரு பூவைப் போட்டுக் கைகூப்பி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நானும் எத்தனையோ பேருக்கு அப்படிப் பூப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என்னுடைய அப்பாவின் முறை வந்தபோது எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. இந்தச் சனம் அவருடைய முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். இவர் இன்னார் என்று அறிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள்கூட அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுந்தான் கண்டிருந்தீர்கள். அதிலும் பாதி நேரம் அவருடைய நெற்றிதான் தெரியும்.

அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் பெரிய படம் செய்யக் கொடுத்தேன். கல்வெட்டு என்று நாங்கள் சொல்கிற நினைவுப் புத்தகத்தையும் அங்கேயே அச்சடிக்கக் கொடுத்தேன். இரண்டையும் எடுத்துவருவது உங்கள் மாமாவின் பொறுப்பு.

முப்பத்தோராம் நாளுக்கு என்று வைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் பக்கத்தில், ஸ்காபுரோவில், ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. அப்போதுதான் மிசிசாகாவில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு போர்த்துக்கேயர் ஞாபகத்துக்கு வந்தார். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர்க் கழகம் ஒன்று இருக்கிறது. சாவி அவரிடம். போன் எடுத்தேன். "வா, எங்கடை மண்டபத்தைத் தாறன்" என்றார். அவரும் நானும் பேசுவது ஆங்கிலத்தில். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

கழகத்தில் ஒரு கட்டளை இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது. படம் வைக்கத் தோதாக இருந்தது ஒரே ஒரு மேசை. அதைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த மேசைக்கு நேர் மேலேதான் தளபதியின் படம் இருந்தது. பல வருடச் சிகரெட் புகை பட்டு, அவருடைய முகம் எங்கள் நிறத்துக்கே வந்திருந்தது.

"இவரைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாமோ?" என்று கேட்டேன்.

"அவர் அங்கைதான் இருப்பார். உன்ரை அப்பாவைக் கீழை வை. ரெண்டு கிழவரும் கதைச்சுக்கொண்டிருக்கட்டும்."

காலையில் போய் மண்டபத்தைத் திறந்தால் உப்பிட்ட மீன் வாசனை முகத்தில் அடித்தது. முதல் நாள் அங்கே அவர்களுடைய விருந்தாம். மரக்கறிச் சாப்பாட்டுக்கு வருகிற சனத்துக்குக் கருவாட்டு வாசனை காட்டலாமா? உங்கள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சேருங்கோ, குசினி மேசையிலை சாவி கிடக்கு, எடுத்துப் பின்கதவைத் திறவுங்கோ" என்று கத்தினார். நான் நொண்டிக்கொண்டு திரும்புவதற்குள் போர்த்துக்கேயர் போய்ச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அம்மா திகைத்துப்போனார். குசினி, மேசை, சாவி மூன்றும் அவர்களுடைய ஆட்கள் எங்கள் ஊரை ஆண்டபோது விட்டுப்போன சொற்கள் என்று எனக்கும் அன்றுதான் தெரியும்.

கதவைத் திறந்தும் வாசனை போகவில்லை. அம்மா மேசையில் சாம்பிராணி போட்டார். குத்துவிளக்கு ஏற்றினார். பூத்தட்டை வைத்து, படத்துக்கு நடுவில் இடம் விட்டார். எல்லாம் தயாராக இருந்தது, படத்தைத் தவிர. விடியற்காலையில் தொடங்கிய பனி நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. நேரத்தோடு வெளிக்கிட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். உங்கள் மாமா நேரத்தோடு வெளிக்கிட்ட சரித்திரம் இல்லை.

நான் குசினிக்குள் பாயாசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். மூத்தவள் ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"அப்பா, எல்லாரும் ரோங் ஆளைக் கும்பிடினம்!"

நான் எட்டிப் பார்த்தேன். மேசைக்கு முன்னால் வரிசை. சாம்பிராணிப் புகை எழும்பித் தளபதியின் மீசையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே விளக்கு, பூ. மேலே ஒரு பெரியவர் படம். எங்கள் ஆட்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒவ்வொருவராக வந்து, நிமிர்ந்து பார்த்து, பூப் போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். ஒருவர் திருநீறு எடுத்துச் சட்டத்தின் கண்ணாடியில் மூன்று குறியே இழுத்துவிட்டார்.

"நல்ல முகவெட்டு. மகன் அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறான்" என்றார் ஒரு அன்ரி.

"மூக்கு மட்டும் தாயின்ரை" என்றார் மற்ற அன்ரி. அவர் என் அம்மாவையும் கண்டதில்லை.

"கையைப் பாத்தியளே? வலது கை இல்லை."

"ஷெல்லடியா இருக்கும்."

"பாவம் மனுசன். ஒற்றைக் கையோடை பிள்ளையளை வளர்த்திருக்கிறார். உவன் ஒரு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பாருங்கோ."

நான் மூலைக்குப் போய் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், றோட்டிலை வானை அரக்கேலாது! முன்னாலை ஒரு லொறி குறுக்காலை கிடக்கு. படம் பத்திரம். முன் சீற்றிலை இருத்தி பெல்ட் போட்டு வைச்சிருக்கிறன்."

"படம் பத்திரமா இருந்தென்ன, இஞ்சை ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்குத் திவசம் நடக்குது!"

உங்கள் அம்மா என் கையைப் பிடித்தார். "போட்ட பூவை எடுங்கோ எண்டு சனத்துக்குச் சொல்லேலுமே? சனம் வெக்கப்படும். விடுங்கோ, அப்பப்பா கோவிக்கமாட்டார்."

அப்பா கோபிக்கமாட்டார்தான். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. இவர்கள் சாப்பிட்டு முடித்துப் பனிக்குப் பயந்து கெதியாகப் போய்விடுவார்கள். என் அப்பாவின் முகத்தை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. வேறு யாரோ ஒருவருடைய மீசைதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கப் போகிறது.

மண்டபத்தின் பின்பக்கம் போர்த்துக்கேயர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "உங்கடை சனம் எங்கடை ஆளுக்கு இவ்வளவு மரியாதை குடுக்குமெண்டு நான் நினைக்கேல்லை" என்றார். அவருக்கு எப்படி உண்மையைச் சொல்வது?

"அவர் ஆர்? கெதியாச் சொல்லு" என்றேன்.

"கெதியாச் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை அவர்" என்று ஒரு கதிரையை இழுத்து என்னையும் இருத்தினார்.

"மீசை முளைக்க முந்தியே பட்டாளத்துக்குப் போனவர். பிரெஞ்சுக்காரரோடை சண்டை. வெட்டிப்போட்டு, செத்துப்போனானெண்டு விட்டிட்டுப் போட்டாங்கள். அவர் சாகேல்லை. திரும்பி வந்து படிச்சார், கணக்குப் படிச்சார்—"

"கைக்கு என்ன நடந்தது?"

"வாறன், பொறு. எங்கடை நாட்டிலை ராசாவின்ரை ரெண்டு பெடியளுக்கும் சண்டை வந்திட்டுது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இவர் அண்ணன் பக்கம். வடக்கிலை ஒரு பட்டினத்துக்குள்ளை வைச்சு இவையளைத் தம்பியின்ரை படை சுத்தி வளைச்சுப் போட்டுது. சாப்பாடு வராது. எந்த நேரமும் குண்டு. சனம் நிலவறைக்குள்ளை."

"அது எனக்கு விளங்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "அங்கைதான் வலது கை போச்சு."

அவசரம் எனக்கு மறந்துவிட்டது. "பிறகு?"

"பிறகென்ன, இடது கையாலை எழுதப் பழகினார். மந்திரியானார், பிரதமரானார். ஒருக்கா இல்லை, கனக்கத் தரம். விழுத்துவாங்கள், திரும்ப வருவார். உனக்குத் தெரியும், எங்கடை ஆக்கள் ஆபிரிக்காச் சனத்தைக் கப்பலிலை அடுக்கிக்கொண்டு போய் வித்தவங்கள். நல்ல ஆக்களில்லை நாங்கள். இவர் அந்த யாவாரத்தை நிப்பாட்டச் சட்டம் போட்டார். யாவாரியள் சிரிச்சாங்கள். ஆபிரிக்காவிலை இருந்த எங்கடை அதிகாரியளே கேக்கேல்லை. இவர் விடேல்லை. வாலிபம் போச்சு, மயிர் நரைச்சுது, அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியிலை கிழவனாப் பிரதமராயிருக்கேக்கைதான் அடிமை எண்டு ஒருத்தரும் இருக்கக் கூடாதெண்டு சட்டம் வந்தது."

"அதுக்காகத்தான் படம் வைச்சிருக்கிறியளோ?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இல்லை. அவர் எங்கடை ஊர்க்காரர்."

அந்தப் பதிலில் எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஆட்களும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

அந்த நேரம் மண்டபத்தில் கரண்டியால் கோப்பையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எந்த முப்பத்தோராம் நாளிலும் யாரும் கேட்காமல் எழும்பிப் பேசுகிற ஒரு அங்கிள் இருப்பார். எங்களிடமும் ஒருவர் இருந்தார்.

"அன்பானவர்களே! ஐயாவை நான் நேரிலை காணேல்லை. ஆனால் அந்த முகத்தைப் பாருங்கோ. அந்த மிடுக்கு! அந்தக் காலத்திலை கட்டாயம் பொலிசிலையோ, இல்லாட்டி ஊர்க் காரியம் பாக்கிற விதானையாராவோ இருந்திருப்பார். கொடிய யுத்தம் அவற்றை வலக்கரத்தைப் பறிச்சுது—"

ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அப்போது எனக்குத் தெரிந்தது: இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் என் அப்பா நிரந்தரமாக ஒற்றைக் கை விதானையார் ஆகிவிடுவார். நான் நொண்டிக்கொண்டு முன்னால் போனேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"அங்கிள், குறை நினையாதையுங்கோ. என்ரை அப்பாவுக்கு ரெண்டு கையும் இருந்தது."

யாரோ அப்பளம் கடித்த சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இவர் ஆர்?" என்றார் அங்கிள், தளபதியைக் காட்டி.

"போர்த்துக்கேயத் தளபதி. அப்பாவின்ரை படம் இன்னும் றோட்டிலை, மச்சானின்ரை வானுக்குள்ளை."

பிறகு அந்த மூக்கு அன்ரிதான் முதலில் சிரித்தார். அவர் தொடங்க, வாயில் சோற்றோடு எல்லோரும் சிரித்தார்கள். செத்தவீட்டுச் சாப்பாட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஆனால் அங்கிளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பறங்கிக்கோ பூப் போட்டனாங்கள்? எங்கடை கோயில்களை இடிச்சவங்கள் எல்லே! தம்பி, நான் திருநீறும் பூசிப்போட்டனடாப்பா!"

"ஓம் அங்கிள், இடிச்சவங்கள்தான். இவர் அதுக்குக் கன காலம் பிந்தி வந்தவர்." போர்த்துக்கேயர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். சுற்றி வளைத்த பட்டினம், போன கை, இடக்கை எழுத்து, சிரித்த வியாபாரிகள், விடாமல் நின்ற கிழவர். எனக்குத் தெரிந்த அளவுதான் சொன்னேன். பட்டினத்தைச் சுற்றி வளைத்தது, சாப்பாடு வராதது, நிலவறை என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சண்டையில் அதையெல்லாம் படாதவர் என்று யார் இருந்தார்கள் அங்கே?

அங்கிள் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பூசினது வீண் போகேல்லை" என்று கதிரையில் இருந்துவிட்டார்.

"உங்கடை அப்பா என்ன செய்தவர்?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல் கேட்டது. என்னிடம் அதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதானே இருந்தேன்.

"அப்பா பஸ் கண்டக்டர். அவரும் ஒற்றைக் கையாலை வேலை செய்தவர்தான். இடது கை எப்பவும் மேலை கம்பியிலை. மற்றக் கைதான் ரிக்கற் கிழிக்கும், பிள்ளையளைத் தூக்கி ஏத்தும், மணியடிக்கும். வேலையை விட்ட பிறகும் நிண்டு கதைக்கேக்கை இடது கை தானாய் மேலை போயிடும், இல்லாத கம்பியைப் பிடிக்க. அம்மா பகிடி பண்ணுவா, வீடு ஓடுதோ எண்டு."

அப்பா ஓடிய பாதையைச் சொன்னேன். கடற்கரைப் பக்கமாகப் போய்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வருகிற பஸ். சொல்லி முடிக்கவில்லை. தளபதியின் முகவெட்டைப் புகழ்ந்த அன்ரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"தம்பி, நில்லும், நில்லும். மழைக்குக் குடையில்லாத பிள்ளையள் இறங்கேக்கை, பஸ் தரிப்பிலை நிப்பாட்டாமல் புளியமரத்துக்குக் கீழை கொண்டுபோய் நிப்பாட்டச் சொல்லி மணியடிக்கிற கண்டக்டரோ? சாரதி ஏசுவான். அவர் கேளாத மாதிரி நிப்பார்."

எனக்கு அந்தப் புளியமரம் தெரியும். அந்த மணியைப் பற்றித் தெரியாது. அப்பா அதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கேளாத மாதிரி நிற்பதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்!

"ஓம் அன்ரி. அவராத்தான் இருக்கும்."

"அவற்றை பஸ்ஸிலை நாலைஞ்சு வருசம் போனனான். முகம்கூட மறந்துபோச்சு. இஞ்சை வந்து வேறை ஆருக்கோ பூப் போட்டிட்டன், பாரும்."

அதன் பிறகு ஒருவரும் கெதியாகப் போகவில்லை. பஸ் கதைகள் வந்தன. அப்பாவுடைய பஸ், மற்றவர்களுடைய பஸ், பழுதாகி நின்ற பஸ். பாயாசம் முடிந்து தேத்தண்ணீர் போட்டோம். படம் நேரத்துக்கு வந்திருந்தால் பூவைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கேள்வி ஒன்றும் வந்திருக்காது.

மாமா வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் சப்பாத்துப் போட்டுவிட்டார்கள். படத்தைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைப் போல் தூக்கிவந்தார். எல்லோரும் சப்பாத்தோடே திரும்பிவந்து சுற்றி நின்றார்கள். உங்களுக்குத் தெரிந்த படந்தான்: அப்பப்பா வாசலில் நிற்கிறார், அசல் படத்தில் இடது கை மேலே வாசல் நிலையைப் பிடித்திருக்கிறது. கடைக்காரர் பெரிதாக்கும்போது அந்தக் கை வெட்டுப்பட்டுவிட்டது.

"இவருக்கும் ஒரு கைதானே தெரியுது!" என்றார் அங்கிள்.

தட்டில் பூ இல்லை. எல்லாம் தளபதியின் காலடியில் குவிந்திருந்தது. அந்த அன்ரி குவியலில் இருந்து ஒரு பூவை எடுத்து அப்பாவின் படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். மற்றவர்களும் எடுக்கத் தொடங்கினார்கள். போர்த்துக்கேயர் ஓடி வந்தார்.

"எல்லாத்தையும் எடாதையுங்கோ! அவருக்குப் பாதியை விடுங்கோ. ஆரும் அவருக்குப் பூ வைச்சு எத்தினை காலம்!"

நாங்கள் பாதியை விட்டோம். மிஞ்சிய வடையெல்லாம் போர்த்துக்கேயருக்கே போனது. வீட்டுக்கு வந்து படுக்கும்போது முழங்கால் வலித்தது. மனது நிறைந்திருந்தது.

அடுத்த கிழமை தளபதியின் படத்தை ஒரு பிரதி எடுத்து, சட்டம் போட்டு, போர்த்துக்கேயர் கொண்டுவந்து தந்தார். "உன்ரை அப்பா தனிய இருக்கக் கூடாது" என்றார். இப்போதும் ஒவ்வொரு வருடமும் அப்பப்பாவின் திதிக்கு வருகிறார். வடைக்குத்தான் வருகிறார் என்று அம்மா சொல்கிறார். வந்தால் தளபதியைப் பற்றி இன்னும் ஒரு கதை சொல்லாமல் போகமாட்டார்.

போன திதிக்குச் சின்னவன் அப்பப்பாவுக்கு வலது கையால் பூ வைத்தான். பிறகு தளபதிக்கு இடது கையால் வைத்தான். அம்மா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, "இடக்கையாலை வைக்கிறதோ?" என்று ஏசினார்.

"அவர் அந்தக் கையாலைதானே அம்மா வாங்குவார்?" என்றான் அவன்.

சின்னவன் என்ன சொன்னான் என்று போர்த்துக்கேயர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் வாயில் வடையோடு எழும்பிப் போய், சின்னவனுக்கு இடது கையை நீட்டிக் கைகுலுக்கினார்.